பயிற்சிக்கு ஒரு சாவு

எங்கள் தகவல் தொடர்பியல் துறையில் கேமராவோ மைக்கோ வேண்டுமென்றால் பேட்டரி அக்காவின் ஜன்னல் முன்னால்தான் போய் நிற்க வேண்டும். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கருவி அறை. இந்தப் பக்கம், இருபது வயதைத் தொடாத ஒரு கூட்டம், காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரி நிற்கும். அக்கா அசைய மாட்டாள். ஒரு பேட்டரியை எடுத்து அதன் எண்ணைப் பதிவேட்டில் எழுதி, கையெழுத்து வாங்கி, எழுதிய எண்ணை இன்னொரு முறை ஒத்துப் பார்த்து, "சார்ஜ் ஏத்தித்தான் திருப்பித் தரணும், சொல்லிட்டேன்" என்று முடிப்பதற்குள், சூரிய உதயத்தைப் படம் பிடிக்கக் கிளம்பியவனுக்கு உச்சி வெயில்தான் கிடைக்கும்.

நான் அந்தத் துறையின் எழுத்தர். என் மேசைக்கும் அவள் ஜன்னலுக்கும் நடுவில் ஒரு இரும்பு பீரோ மட்டும்தான். பதினோரு வருஷமாகப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே டிபன் டப்பாவில் கைவிட்டுச் சாப்பிட்டிருக்கிறோம். அவளைப் பற்றி எழுத எனக்கு உரிமை இருக்கிறது. அன்றைக்கு நடந்ததில் பாதிப் பாவமும் என்னுடையதுதான்.

முதலில் அவள் பயத்தைச் சொல்லிவிட வேண்டும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அக்காவுக்குப் பட்டப்பகலிலும் பேய்தான். லிஃப்டில் ஏற மாட்டாள். இடி இடித்தால் கருவி அறை விளக்கை அணைத்துவிட்டு என் மேசைக்கு வந்துவிடுவாள். போன் மணி அடித்தால் எடுப்பதற்கு முன் ஒரு நொடி கண்ணை மூடிக்கொள்வாள். எல்லாவற்றையும்விட அவளுக்குப் பெரிய பயம் அவள் நாக்குமேல். தனக்குக் கரிநாக்கு என்று நம்பினாள். தான் வாயால் சொன்ன கெட்டது நடந்துவிடுமாம். சின்ன வயதில் மாமாவின் வண்டியைப் பார்த்து "இது கவுந்துடும்" என்று விளையாட்டாகச் சொன்னாளாம், அன்றைக்கே கவிழ்ந்ததாம்.

"மாமாவுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

"முழங்கையில சிராய்ப்பு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானாவா? நான் இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்?"

இப்படிப்பட்டவளுக்குப் போய் இந்த வேலை வாய்த்தது பாருங்கள்.

எங்கள் துறைத் தலைவி, பேராசிரியை, பாடம் நடத்த வருவதற்கு முன் பதினைந்து வருஷம் நாளிதழில் நிருபராக இருந்தவர். கரும்பலகையில் எழுதிப் போட்டு யாரையும் நிருபராக்க முடியாது என்பது அவர் கட்சி. நீச்சல் புத்தகம் படித்தவன் கிணற்றில் முங்கித்தான் போவான் என்பார். அதனால் இரண்டாம் வருஷத்துக்கு ஒரு செய்முறை வகுப்பு வைத்தார். துக்க வீட்டுப் பேட்டி. ஒரு சின்ன அறை, இரண்டு நாற்காலி, ஒரு சொம்புத் தண்ணீர். உள்ளே ஒருவரைப் பறிகொடுத்தவர் உட்கார்ந்திருப்பார். மாணவர் கதவைத் தட்டி உள்ளே போய், பத்து நிமிஷத்துக்குள், அந்த மனுஷியைப் புண்படுத்தாமல், நடந்ததை நடந்தபடி கேட்டு வர வேண்டும். சரியாக நான்கு மணிக்குள் செய்தியாக எழுதித் துறை இணையதளத்தின் பயிற்சிப் பக்கத்தில் ஏற்ற வேண்டும். ஒரு நிமிஷம் தாமதமானால் ஒரு மதிப்பெண் போச்சு.

முதல் வருஷம் நாடகக் குழுவிலிருந்து ஆள் பிடித்து வந்தார்கள். அவர்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழுத அழுகையில் மாணவர்கள் சிரித்து விட்டார்கள். அந்த நேரத்தில் மைக் கொடுக்க உள்ளே போனவள்தான் அக்கா. "நீங்க கொஞ்சம் உக்காருங்க. உங்க வீட்டுக்காரர் தீ விபத்துல போயிட்டாருன்னு வச்சுக்குங்க" என்றார் பேராசிரியை. அக்கா உட்கார்ந்தாள். அழவில்லை. ஒரு பையன் நோட்டைத் திறந்து, "இப்ப உங்க மனநிலை எப்படி இருக்கு?" என்று கேட்டான். அக்கா அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "உங்கம்மா இருக்காங்களா தம்பி?" என்றாள். அவன் வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்தவன் அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து அந்த நாற்காலி அக்காவுக்கு.

ஏழு வருஷத்தில் பதினோரு பேரைச் சாகடித்திருக்கிறாள். அண்ணன், நாத்தனார், பக்கத்து வீட்டுக்காரி. கணவனை மட்டும் நான்கு தடவை. நிஜமான கணவன் இன்னொரு குடும்பம் கட்டிக்கொண்டு எங்கேயோ கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறான். அவனைச் சாகடிக்கிற நாளில் மட்டும் அவளுக்குப் பயமே இருக்காது. "பலிச்சா பலிக்கட்டுமே" என்பாள். மற்ற நாளெல்லாம் வகுப்பு முடிந்ததும் குழாயடிக்குப் போய் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டுத்தான் வருவாள்.

ஆனால் ஒரு நிபந்தனை. அம்மாவாக மட்டும் உட்கார மாட்டாள். ஏனென்று பேராசிரியை கேட்டதில்லை, இவளும் சொன்னதில்லை. எனக்குத் தெரியும். அவளுக்கு இருப்பது ஒரே மகன். உயரமான கட்டிடங்களில் கயிறு கட்டித் தொங்கியபடி வெளிப்பக்கக் கண்ணாடி துடைப்பது அவன் வேலை. சுவரோடு ஒட்டிக்கொண்டு இறங்குவதால் கூட வேலை செய்கிறவர்கள் அவனைப் பல்லி என்று கூப்பிடுவார்கள். அக்கா மற்றவர்களிடம் "மெயின்டனன்ஸ் வேலை" என்று சொல்லி வைத்திருந்தாள். அவன் தொங்குவதை அவள் ஒரு நாளும் போய்ப் பார்த்ததில்லை. பார்த்துவிட்டால் மறுநாள் அனுப்ப மாட்டேன் என்றாள். அனுப்பாமல் இருக்கவும் முடியாது, அவன் இருபத்தைந்து வயது ஆள்.

அந்த வருஷம் பேராசிரியைக்குப் பழைய நிபந்தனை மறந்து போனது. வெளியிலிருந்து தேர்வாளர் வருகிறார், புதிதாக ஏதாவது வேண்டும் என்று அக்கா யாராக உட்கார வேண்டும் என்ற அட்டையை அவரே எழுதினார். பன்னிரண்டாவது மாடியிலிருந்து விழுந்து இறந்த தொழிலாளியின் தாய். அதைத் தட்டச்சு செய்தது நான். விரல் ஒரு நொடி நின்றது. ஆனால் மேசையில் நூற்றுப் பத்து தேர்வு விண்ணப்பங்கள் கிடந்தன. அடித்து, அச்செடுத்து, மற்ற அட்டைகளோடு வைத்துவிட்டேன்.

காலை பத்து மணிக்கு அந்த அட்டையோடு அக்கா என் மேசைக்கு வந்தாள்.

"இதை மாத்தச் சொல்லேன்."

"நீயே போய்ச் சொல்லேன்."

"நான் எப்படிச் சொல்றது? அடுத்த வாரம் என் நீட்டிப்புக் கடுதாசியில கையெழுத்துப் போடணும் அவங்க."

அவள் வேலை இன்னும் தற்காலிகம்தான். வருஷா வருஷம் பேராசிரியை கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருஷம் அந்த ஜன்னல் அவளுக்கு. பேராசிரியை அதையெல்லாம் மனசில் வைத்துக்கொள்கிறவர் இல்லை. ஆனால் பயப்படுகிறவளுக்கு அதை எப்படிப் புரிய வைப்பது?

அவள் போகாமல் நின்றாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "நேத்து அவன் போன்ல யார்கிட்டயோ பேசினதைக் கேட்டேன். எப்பவும் ரெண்டு கயிறு கட்டுவாங்களாம். ஒண்ணு தொங்க, இன்னொண்ணு ஒருவேளை அது விட்டுட்டா புடிச்சுக்க. அந்த ரெண்டாவது கயிறெல்லாம் நைஞ்சு போச்சுன்னு எடுத்துட்டாங்களாம். ரெண்டு மாசமா ஒத்தக் கயித்துலதான் தொங்கறாங்க. காலையில கேட்டேன். எங்கயும் உளறி வைக்காத, வேலை போயிடும்னு கத்திட்டுப் போயிட்டான். ராத்திரி பூரா கண்ணே மூடல. இன்னிக்குப் பாத்து இந்த அட்டை வருது."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? எழுந்து நாலு எட்டு நடந்து பேராசிரியையிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டுச் சிரித்தேன். "நீ சொன்னதெல்லாம் பலிக்கறதா இருந்தா உன் வீட்டுக்காரன் நாலு தடவை செத்திருக்கணுமே? போய் உக்காரு, பத்து நிமிஷ வேலை." அவள் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

அவளைப் பேட்டி எடுக்க வந்தது சுருட்டை. தலைமுடி அப்படி. வகுப்பிலேயே சத்தம் வராத பெண், வருகைப் பதிவில்கூடக் கையை மட்டும்தான் தூக்குவாள். நான் வருகைத் தாளை வாங்கப் போனவள் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்து நடுங்கிக்கொண்டிருந்தார்கள். பூனைக்குட்டிகள் இரண்டை ஒரு கூடையில் போட்ட மாதிரி இருந்தது. சுருட்டைக்கு எழுதி வந்த கேள்விகள் மறந்துவிட்டன. சொம்பிலிருந்து தண்ணீரை ஊற்றி அக்காவுக்கு ஒரு டம்ளர் கொடுத்தாள். பிறகு, "காலையில அவர் என்ன சாப்பிட்டாரு?" என்று கேட்டாள்.

ஏழு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. மற்ற நாளில் அக்கா ஒரு கதையைக் கட்டி வைத்திருப்பாள். அன்றைக்குப் பயத்தில் அவளுக்குக் கதை வரவில்லை. பொய் சொல்வதற்கும் கொஞ்சம் தைரியம் வேண்டும். அது இல்லாததால் வந்ததெல்லாம் நிஜம்.

"சாப்பிடல. சண்டை போட்டுட்டுப் போயிட்டான்" என்றாள். எந்தக் கட்டிடம் என்றாள் சுருட்டை. பேருந்து நிலையத்துக்கு எதிரில் இருக்கிற நீலக் கண்ணாடிக் கட்டிடம். நண்பர்கள் எப்படிக் கூப்பிடுவார்கள்? பல்லி. "விழுந்தப்போ இன்னொரு கயிறு தாங்கலையா அக்கா?" அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். "இன்னொரு கயிறு இல்லையேம்மா. ரெண்டு மாசமா ஒத்தக் கயிறுதான்." சுருட்டை எழுதிக்கொண்டே இருந்தாள். மணி அடித்தது. அக்கா வெளியே வந்து என்னைப் பார்க்காமல் குழாயடிக்குப் போனாள். நான் எண்ணினேன். ஒன்பது தடவை கொப்பளித்துத் துப்பினாள்.

மதியம் முழுக்க அவள் ஜன்னலைத் திறக்கவில்லை. மகனுக்குப் போன் போட்டாள். அவன் எடுக்கவில்லை. கயிற்றில் இருக்கும்போது போனை மேற்பார்வையாளரின் பெட்டியில் போட்டுவிட வேண்டும் என்பது அவர்கள் விதி, அது அவளுக்கே தெரியும். ஆனாலும் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் போட்டாள். "அஞ்சு மணிக்குக் கீழ இறங்கினதும் பேசுவான். சும்மா இரு" என்றேன்.

நாலே காலுக்கு அவள் போன் அடித்தது. கண்ணை மூடித் திறந்து எடுத்தாள். அவள் தங்கை. தங்கை கத்தியது பீரோவுக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டது.

"அக்கா, எங்க இருக்க? நம்ம பையன் விழுந்துட்டானாமே! நீலக் கண்ணாடிக் கட்டிடத்துல பன்னண்டாவது மாடியில இருந்து... கயிறு அறுந்துடுச்சாம்... எல்லார் போன்லயும் வருது அக்கா!"

அக்கா சத்தம் போடவில்லை. போனைக் காதில் வைத்தபடியே இன்னொரு கையால் தன் வாயை இறுக்கி மூடினாள். இனி ஒரு வார்த்தை வெளியே வந்தால் இன்னும் என்னவெல்லாம் ஆகுமோ என்பது போல. அந்தக் கண்கள் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். நான் சொன்னேன் இல்லையா, நான் சொன்னேன் இல்லையா என்று அது கேட்டது.

இப்போது யோசித்தால் இரண்டும் இரண்டும் நாலு என்று தெரிகிறது. பன்னிரண்டாவது மாடி என்று என் கையால் அடித்தவள் நான். நாலு மணிக்குச் செய்தி ஏறும் என்பது தெரிந்தவளும் நான்தான். அந்த நேரத்தில் என் புத்தி எங்கே புல் மேயப் போயிருந்ததோ, எனக்கும் அது நிஜமாகத்தான் தோன்றியது. அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். நடையில் பேராசிரியை எதிரே வந்தார்.

"அக்கா பையன் விழுந்துட்டானாம் மேடம், நீலக் கண்ணாடிக் கட்டிடத்துல!"

"எந்தக் கட்டிடம்? நில்லுங்க, நில்லுங்க..."

நாங்கள் நிற்கவில்லை. என் போன் மேசைமேலேயே கிடந்தது.

ஆட்டோவில் அவள் கை வாயை விட்டு இறங்கவே இல்லை. மறு கை மகன் எண்ணை அழுத்தியபடி இருந்தது. மணி போகும், போகும், நின்றுவிடும். மறுபடி அழுத்துவாள். ஒரு ஆம்புலன்ஸ் எங்களைத் தாண்டிப் போனது. இருவரும் அதைப் பார்த்தோம். அது பேருந்து நிலையத்தின் பக்கம் திரும்பியபோது அக்காவின் நகம் என் மணிக்கட்டில் ஏறி ரத்தம் வந்துவிட்டது. அடுத்த தெருவில் அது வேறு பக்கம் போனது. அதைப் பார்த்தும் அவள் பிடி தளரவில்லை.

கட்டிடத்தின் வாசலில் கூட்டம் இல்லை. தரையில் ஒன்றும் இல்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. எல்லாம் முடிந்து, கழுவிவிட்டு, கொண்டுபோய்விட்டார்களோ? காவலாளியிடம் ஓடினேன்.

"இங்க யாராவது விழுந்தாங்களா?"

"கேட்டு வந்தவங்கள்ல நீங்க நாலாவது ஆளு. என்னம்மா ஆச்சு எல்லாருக்கும்? யாரும் விழல. அங்க பாருங்க, நாலு பேரும் மேலதான் இருக்காங்க."

அண்ணாந்து பார்த்தேன். நீலக் கண்ணாடியில் நான்கு புள்ளிகள். நான்கும் ஒரே மஞ்சள் தலைக்கவசம், ஒரே சட்டை. எது அவன் என்று பெற்றவளாலேயே சொல்ல முடியவில்லை. அதற்குள் மேற்பார்வையாளர் இரண்டு காதிலும் இரண்டு போனோடு வந்தார். வேர்த்து விறுவிறுத்திருந்தார்.

"பல்லியோட அம்மாவா? நல்லா இருக்கான். இடதுல இருந்து ரெண்டாவது. எவனோ வேலையத்தவன் கிளப்பி விட்டுட்டான், அரை மணி நேரமா போன் அடங்கல."

அக்கா முதல் முறையாக வாயிலிருந்து கையை எடுத்தாள். மகனைக் கூப்பிட வாய் திறந்தாள். அவர் பாய்ந்து வந்து தடுத்தார். "கத்தாதீங்க, கத்தாதீங்க! திடுக்குனு திரும்பினா அவ்வளவுதான். இறங்கச் சொல்லிட்டேன். வந்துடுவாங்க."

இறங்கி வர இருபது நிமிஷம் ஆனது. பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்தால் பயம் போய்விடும் என்றுதான் நினைப்போம். எனக்கு அப்போதுதான் நிஜமான பயம் வந்தது. ஏனென்றால் நான் கயிறுகளை எண்ணினேன். நான்கு ஆட்கள். நான்கு கயிறுகள். மேலே கைப்பிடிச் சுவரில் மடங்கி, கண்ணாடி ஓரமாக உரசிக்கொண்டு, ஒவ்வொருத்தன் இடுப்புக்கும் ஒன்றே ஒன்று. காற்று அடித்தபோது இடதிலிருந்து இரண்டாவது புள்ளி அரை ஜன்னல் அளவுக்கு விலகிப் போய்க் கண்ணாடியில் மோதித் திரும்பி வந்தது. அக்காவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. வார்த்தை இல்லை. அத்தனை வருஷமாகப் பார்க்க மாட்டேன் என்று இருந்ததைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் கால் தரையில் பட்டதும் ஓடிப் போய் அவன் கையைப் பிடித்தாள். முகத்தைத் தடவினாள். தோளைத் தடவினாள். முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். மறுபடி தடவினாள்.

"அம்மா, எல்லாரும் பாக்கறாங்க. இங்க எதுக்கு வந்த?"

மேற்பார்வையாளர் தன் போனை அவனிடம் நீட்டினார். "இதுக்குத்தான். உனக்குக் கருமாதி பண்ணிட்டாங்க, படிச்சுப் பாரு."

அவன் படித்தான். நானும் அவன் தோளுக்குப் பின்னாலிருந்து படித்தேன். முதல் வரியிலேயே எனக்குத் தலையில் இடி விழுந்தது. 'காலையில் சாப்பிடாமல் கிளம்பிய மகன்.' சுருட்டையின் எழுத்து. பயிற்சிப் பக்கத்தில் ஒவ்வொரு செய்திக்கும் மேலே 'இது வகுப்புப் பயிற்சி, செய்தி அல்ல' என்று ஒரு வரி இருக்கும். யாரோ பழைய மாணவர் அந்த வரிக்குக் கீழே இருப்பதை மட்டும் படமெடுத்து அனுப்ப, அது கை மாறிக் கை மாறி ஊரைச் சுற்றிவிட்டு, கடைசியில் சொன்னவள் காதுக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

அவனுக்கு அதெல்லாம் தெரியாது. அவன் கண் கீழே ஒரு இடத்தில் நின்றது. ரெண்டு மாசமா ஒத்தக் கயிறு. முகம் கறுத்துப் போனது.

"இதை யாரும்மா சொன்னது?"

அக்கா பதில் சொல்வதற்குள் இன்னொரு ஆட்டோ வந்து நின்றது. பேராசிரியையும் சுருட்டையும். சுருட்டை அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. பேராசிரியை நேராக அக்காவிடம் வந்தார். "என் தப்பு அக்கா. உங்க பையன் இந்த வேலைன்னு எனக்குத் தெரியாது. தெரியலைங்கறதும் என் தப்புதான். பக்கத்தை மூடிட்டேன். ஆனா வெளிய போனதைத் திருப்பி வாங்க முடியல." பதினைந்து வருஷ நிருபரின் குரல் உடைந்து நான் அன்றுதான் கேட்டேன்.

மேற்பார்வையாளர் குறுக்கே வந்தார். "அப்ப இதைக் கிளப்பினது நீங்கதானா? நல்ல வேலை பண்ணீங்க. மேலிடத்துல இருந்து போன் மேல போன். இப்பவே மறுப்புப் போடுங்க. மொத்தமும் கட்டுக்கதை, ஒரு வார்த்தைகூட நிஜமில்லைன்னு போடுங்க. இல்லாட்டி முதல்ல பல்லியைத்தான் வீட்டுக்கு அனுப்புவாங்க, நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"போட்டுடலாம்" என்றார் பேராசிரியை உடனே. அந்த நிமிஷத்தில் அவருக்கு வேறெதுவும் தோன்றவில்லை. "முழுக்கக் கற்பனைன்னே போட்டுடலாம். எழுதும்மா."

சுருட்டை போனை எடுத்தாள். எழுதவில்லை. பிறகு அவளுக்கே உரிய, காற்று மாதிரிக் குரலில் சொன்னாள்.

"மேடம், திருத்தம் போடறதுக்கு முன்னாடி சொன்னவங்களைத் திரும்பக் கேக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

சுருட்டை அக்காவின் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, என்னை மன்னிச்சுக்குங்க. நீங்க சொன்னதுல எதெல்லாம் பொய்?"

"எல்லாம்தாம்மா! இதுல கேக்கறதுக்கு என்ன இருக்கு?" என்றார் மேற்பார்வையாளர்.

மகன் அக்காவின் முழங்கையைப் பிடித்தான். பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான். "எல்லாமேன்னு சொல்லும்மா. சொல்லிட்டு வீட்டுக்குப் போ."

நான் அக்காவைப் பார்த்தேன். இடிக்கும் லிஃப்டுக்கும் பயப்படுகிறவள். தன் நாக்குக்கே பயப்படுகிறவள். ஒரு பக்கம் மகனின் வேலை. இன்னொரு பக்கம் அடுத்த வாரம் அவள் கடுதாசியில் கையெழுத்துப் போட வேண்டியவர், முழுக்கக் கற்பனை என்று இப்போதுதான் சொன்னவர். எல்லாமே பொய் என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். நாளைக்கு அவன் மறுபடி மேலே போவான். நான் அவள் இடத்தில் இருந்தால் சொல்லியிருப்பேன், சத்தியமாகச் சொல்லியிருப்பேன்.

கடைசிக் கயிற்றில் ஒருத்தன் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தான். அக்கா அவனையே பார்த்தபடி பேசினாள்.

"விழுந்தது பொய்."

"சரி. அவ்வளவுதான்" என்றார் மேற்பார்வையாளர்.

"ஒத்தக் கயிறு பொய் இல்லம்மா. அது நிஜம். எழுதிக்க."

மகன் அவள் கையை உதறினான். "அம்மா!" என்று அவன் கத்தியதில் காவலாளி திரும்பிப் பார்த்தான். "உனக்கு என்ன பைத்தியமா? எனக்கு மட்டுமா வேலை போகும்? நாலு பேருக்கும் போகும்!"

"போகட்டும்டா." அவள் உடம்பு முழுக்க ஆடிக்கொண்டிருந்தது. "திட்டு. வீட்டுல உக்காந்து என்னைத் திட்டு. நான் கேட்டுக்கறேன். இன்னிக்கு ஒரு மணி நேரம் நீ இல்லாம இருந்து பாத்துட்டேன்டா நான்."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மேற்பார்வையாளர் எதையோ சொல்லிக்கொண்டே போனோடு உள்ளே போனார். "அவங்க சொல்றபடியே எழுதும்மா" என்றார் பேராசிரியை கடைசியில், சுருட்டையைப் பார்க்காமல். சுருட்டை எழுதினாள். இடையில் நிமிர்ந்து, தயங்கித் தயங்கி, வகுப்பில் சொல்லிக் கொடுத்த கடைசிக் கேள்வியையும் கேட்டாள்.

"அக்கா, உங்க பேரைப் போடலாமா? வேண்டாம்னா 'ஒரு தொழிலாளியின் தாய்'னு போட்டுக்கறேன்."

அக்கா என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். ஐஸ் மாதிரி இருந்தது.

"போடு" என்றாள். "பேர் இல்லாட்டி இதையும் பயிற்சின்னுடுவாங்க."

பிறகு தன் பெயரை, பிழை வந்துவிடக் கூடாது என்று, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்.